ஸர் அலெக்ஸாண்டர் பிளெமிங்

பெனிஸிலின் என்னும் மருந்தின் பெயரைக் கேளாதார் இக்காலத்தில் அரியர். அதனைக் கண்டறிந்தவர் ஸர் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பதும் பள்ளிச் சிறுவரும் அறிந்ததே. ஆயினும் பெரும்பாலோர் அவருடைய சரித்திரத்தை, ஒரு கண்ணாடித் தட்டிற் பூஞ்சணம் வீழ்ந்த கதையோடு தொடங்கி அதனோடே முடித்தும் விடுகின்றனர். அந்நிகழ்ச்சிக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, போர்க்காலத்து ஆஸ்பத்திரியொன்றில், அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. கிருமியைக் கொல்லுமாறு இட்ட மருந்து, அக்கிருமியோடு பொருது நிற்கும் உடலின் அணுக்களையே முதலிற் கொன்றுவிடக்கூடும் என்பதே அது. அவ்வுண்மையை உணராதார்க்குப் பெனிஸிலினின் பெருமை முற்றும் விளங்காது. ஆதலின் அதனையே நடுவாக வைத்து, அவ்விஞ்ஞானியின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

ஸ்காட்லாந்து தேசத்து அயர்ஷயர் ஜில்லாவில், டார்வெல் என்னும் ஊரை அடுத்த லாக்ஃபீல்டு பண்ணையில், 1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆந் தேதி பிளெமிங் பிறந்தார். தந்தையார் ஹியூ பிளெமிங் என்னும் உழவர். அவர் இரண்டாம் முறை மணந்த கிரேஸ் அம்மையாரின் மக்கள் நால்வருள் நம் பிளெமிங் மூன்றாமவர். ஏழு வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். பண்ணையைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் ஓடைக்கரைகளிலும் பறவைக் கூடுகளையும் மீன்களையும் தேடித் திரிந்ததே அவர் பெற்ற முதற் கல்வி எனலாம். பிறர் காணாது கடந்து செல்லும் சிறு வேறுபாட்டையும் நின்று நோக்கும் பழக்கம் அவரிடத்து அங்கே வேரூன்றியது.

பதின்மூன்று வயதளவில் அவர் தம் தமையனார் இருந்த லண்டன் மாநகரை அடைந்து, அங்குள்ள பாலிடெக்னிக் கல்விச்சாலையிற் சிலகாலம் பயின்றார். பின்னர்க் கப்பற் கம்பெனி ஒன்றில் நான்கு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து கணக்கெழுதினார். அவ்வேலையில் அவர் மனம் பற்றவில்லை. இருபதாம் வயதில், இறந்துபோன சிறிய தகப்பனார் ஒருவரது சொத்திலிருந்து ஒரு சிறு தொகை அவருக்குக் கிடைத்தது. வைத்தியராய் இருந்த தமையனாரின் யோசனைப்படி அவர் அப்பொருளைக் கொண்டு வைத்தியக் கல்வி பயிலத் துணிந்தார். லண்டனில் அக்காலத்துப் பன்னிரண்டு வைத்தியக் கலாசாலைகள் இருந்தன. அவற்றுள் செயின்ட் மேரீஸ் கலாசாலையை அவர் தெரிந்தெடுத்த காரணம் வியப்புக்குரியது. அக்கலாசாலையாரோடு ஒருமுறை நீர்ப்பந்து விளையாடியிருந்தார் என்பதே அக்காரணம். 1906-ஆம் ஆண்டில் அவர் பட்டம் பெற்றார். துப்பாக்கி சுடுவதில் வல்லவரான அவரை இழக்க மனமின்றி, அக்கலாசாலையின் துப்பாக்கிக் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், அங்கேயே நுண்கிருமி ஆராய்ச்சிப் பகுதியில் அவருக்கு ஓர் இடம் தேடித் தந்தார். இவ்வாறு விளையாட்டின் வழியே புகுந்தவர், தம் வாழ்நாள் முழுவதையும் அந்த ஆஸ்பத்திரியிலேயே கழித்தார்.

அவ்வாராய்ச்சிப் பகுதியின் தலைவர் ஸர் ஆல்ம்ராத் ரைட் என்பவர். டைபாயிடு சுரத்திற்குத் தடுப்பூசி கண்டவர்களுள் அவரும் ஒருவர். அவர் கொண்ட கொள்கையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். நம் இரத்தத்திற் செவ்வணுக்களோடு வெள்ளணுக்களும் உள்ளன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்கும். உடலுட் கிருமி புகுந்தால், இவற்றுட் பல இரத்தக்குழாயின் சுவரை ஊடுருவி வெளிப்பட்டு, அக்கிருமி உள்ள இடத்தை அடைந்து, அதனை விழுங்கிச் செரித்து விடுகின்றன. இதனை முதன்முதல் விளங்கக் கண்டு உலகிற்கு உரைத்தவர் மெட்ச்னிகாஃப் என்னும் ருஷிய விஞ்ஞானி. அதன்பொருட்டு அவருக்கு 1908-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இரத்தத்தின் தெளிநீரிலுள்ள சில பொருள்கள் கிருமியின்மீது படிந்து, வெள்ளணுக்கள் அதனை எளிதில் உண்ணுமாறு செய்கின்றன என்று ரைட் காட்டினார். உடலின் இயல்பான காவலை வலுப்படுத்துதலே வைத்தியத்தின் தலையாய கடமை என்பது அவர் உறுதி. ஆசிரியரின் இவ்வுறுதி மாணவரான பிளெமிங்கின் உள்ளத்திலும் பதிந்தது. ஆனால் ஆசிரியர் சொல்வன்மை மிக்கவர். மாணவரோ சொற்சுருக்கம் உடையவர். தம் கருத்தைச் சொல்லால் நிலைநாட்டுவதினும் சோதனையால் நிலைநாட்டுவதையே அவர் விரும்பினார்.

1914-ஆம் ஆண்டிற் பெரும் போர் மூண்டது. ரைட் தம் குழுவினருடன் பிரான்ஸ் தேசத்துப் பூலோன் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சூதாட்ட மண்டபம் ஒன்று ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது. அதிலேயே ஆராய்ச்சிக் கூடமும் அமைந்தது. குண்டுச் சிதறல்களால் உடல் கிழிந்த வீரர்கள் நாடோறும் அங்கே கொண்டுவரப்பட்டனர். பலர் காயத்தால் இறந்திலர்; காயத்தில் உண்டான சீழ் உடலெங்கும் பரவியதால் இறந்தனர். போர் நடந்த வயல்கள் பல்லாண்டுகளாகச் சாணமும் எருவும் இடப்பட்டவை. அம்மண் படிந்த உடையின் துணுக்குகளைக் குண்டுகள் சதைக்குள் ஆழமாகச் செலுத்தின. ஜன்னி வாயுவையும் சதையழுகலையும் விளைக்கும் கிருமிகள் அத்துணுக்குகளோடு உடலுட் சென்றன. இதனைப் பிளெமிங் வீரர்களின் உடைகளை எடுத்துச் சோதித்தே அறிந்தார்.

அக்காலத்து அறுவை வைத்தியர்கள் இக்காயங்களைக் கார்பாலிக் அமிலம் முதலிய கடுமையான கிருமிநாசினிகளால் நிரப்பினர். இதற்குத் தக்க காரணமும் இருந்தது. லிஸ்டர் பெருமான் 1867-ஆம் ஆண்டில் அவ்வமிலத்தின் பயனை வெளியிட்ட பின்னரே, அறுவைச் சிகிச்சை அச்சமின்றிச் செய்தற்கு உரியதாயிற்று. கிருமி புகாவண்ணம் தடுத்தற்கு உதவிய பொருள், புகுந்துவிட்ட கிருமியை ஒழித்தற்கும் உதவும் என்று எல்லோரும் எண்ணியது இயல்பே. பிளெமிங் மட்டும் அவ்வாறு எண்ணி அமைந்திலர். மருந்திட்ட காயத்தின் சீழையும் மருந்திடாத காயத்தின் சீழையும் அவர் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து ஒப்புநோக்கினார். புதிய காயத்தின் சீழில் வெள்ளணுக்கள் உயிரோடு இயங்கிக் கிருமிகளை விழுங்கிக் கொண்டிருந்தன. கிருமிநாசினி இட்ட காயத்திலோ அவ்வணுக்கள் மாண்டு கிடந்தன; கிருமிகள் மாளவில்லை.

கிருமிகள் மாளாமைக்குக் காரணம் யாது? இதனை விளக்க அவர் செய்த கருவி மிக எளியது. ஒரு கண்ணாடிக் குழாயை நெருப்பிற் காய்ச்சி, அதன் சுவரிலிருந்து முட்கள்போற் கூரிய குழல்கள் பல வெளியே நீண்டு நிற்குமாறு இழுத்தார். குண்டு துளைத்த சதையிலுள்ள சந்துகளுக்கும் பிளவுகளுக்கும் அம்முட்குழல்கள் ஒப்பாயின. அக்குழாயைக் கிருமி கலந்த நீரால் நிரப்பிக் கொட்டினார். பின் கிருமிநாசினியால் நிரப்பி வைத்திருந்து கொட்டினார். அதன்பின் தூய குருதித்தெளிவை அதில் நிரப்பினார். மறுநாள் நோக்கியபோது அக்குழாய் முன்போலவே கிருமிகளால் நிறைந்திருந்தது. மருந்து நடுவிடத்தைக் கழுவியதேயன்றி முட்குழல்களின் கடைசிவரை செல்லவில்லை. வெள்ளணுக்களோ அச்சந்துகளிலும் தாமே ஊர்ந்து செல்ல வல்லவை. அங்ஙனம் செல்லவேண்டிய காவலரை வாயிலிலேயே மருந்து கொன்றுவிட்டது. பகைவன் கோட்டைக்குள் ஒளிந்திருக்க, காவற்படையைத் தாமே வெட்டி வீழ்த்திய அரசனின் செயலை ஒத்தது இச்சிகிச்சை.

இறந்த சதையை அறுத்து நீக்கி, உப்பு நீரால் கழுவி, உடலின் காவலுக்கு இடங்கொடுத்தலே தக்கது என்று ரைட்டும் பிளெமிங்கும் வற்புறுத்தினர். பிளெமிங் 1915-ஆம் ஆண்டிலேயே காயங்களின் கிருமிகளைப் பற்றித் தம் முடிவுகளை லான்ஸெட் பத்திரிகையில் வெளியிட்டார். ஆயினும் அறுவை வைத்தியருட் பலர் இதனை ஏற்கவில்லை. லிஸ்டரின் மாணவரும் அறுவை வைத்தியச் சங்கத்தின் தலைவருமாய் இருந்த ஸர் வில்லியம் வாட்ஸன் செயின் இதனை வெளிப்படையாகவே எதிர்த்தார். பழகிய கை, பழகிய மருந்தை எளிதிற் கைவிடாது. வாதம் நீண்டது, வாதம் நீண்ட நாள்களிலும் வீரர்கள் மடிந்து கொண்டேயிருந்தனர். தாம் கண்டது உண்மை என்று அறிந்தும், அவர்களைக் காக்கும் மருந்து ஒன்றும் தம் கையில் இல்லையே என்னும் துயரம் பிளெமிங்கின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அவருடைய பிற்கால ஆராய்ச்சி முழுவதற்கும் இத்துயரமே ஊற்றாயிற்று என்று நாம் கருதுகின்றோம்.

போர் முடிந்து லண்டனுக்கு மீண்டபின், கிருமியைக் கொன்று உடலணுவைக் கொல்லாத பொருள் ஒன்று இயற்கையில் உண்டோ எனத் தேடலானார். 1921-ஆம் ஆண்டில், தமக்குச் சளி பிடித்திருந்தபோது, தம் மூக்கின் சளியையே எடுத்துக் கிருமி வளர்ந்த தட்டில் இட்டுப் பார்த்தார். அதன் அருகிலிருந்த ஒருவகைக் கிருமிகள் கரைந்து போயின. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கோழிமுட்டையின் வெண்கருவிலும் அதே பொருள் இருந்தது. கண்ணீர் வேண்டி, எலுமிச்சைத் தோலை நண்பர்களின் கண்ணருகே பிழிந்து அவர்களை அழவைத்தார் என்பர். அப்பொருளுக்கு லைஸோஸைம் என்று பெயரிட்டார். அது வெள்ளணுக்களுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் கொடிய நோய்களை விளைக்கும் கிருமிகளுட் பெரும்பாலனவற்றை அது ஒன்றும் செய்யவில்லை. தேடியதிற் பாதி கிடைத்தது. மற்றப் பாதி கிடைத்திலது.

1924-ஆம் ஆண்டிற் கிருமிநாசினிகள் கிருமிகளின்மீதும் வெள்ளணுக்களின்மீதும் செய்யும் வேலையை ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். மனித இரத்தத்திற் சிறிது கிருமியை இட்டால், வெள்ளணுக்கள் அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகின்றன. அதே இரத்தத்திற் கார்பாலிக் அமிலத்தை வெள்ளணுக்கள் மாளும் அளவிற்குச் சேர்த்தால், கிருமிகள் தடையின்றி வளர்கின்றன. மருந்து சேர்ந்த இரத்தம் மருந்து சேராத இரத்தத்தினும் கிருமிக்கு உவப்பாயிற்று! இதனால் மருந்தை அளத்தற்குரிய புதிய கோல் ஒன்று அவர் கைக்கு வந்தது. கிருமியை எவ்வளவு கொல்கின்றது என்று கேட்பதோடு அமையாது, வெள்ளணுவை எவ்வளவு வாழவிடுகின்றது என்றும் கேட்டல் வேண்டும் என்பதே அக்கோல்.

நாடறிந்த நிகழ்ச்சி இதன்பின்னரே வருகின்றது. 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், விடுமுறை கழித்து மீண்ட பிளெமிங், சீழ்க்கிருமிகளை வளர்த்து வைத்திருந்த பழைய தட்டுகளைப் பார்வையிட்டார். அவற்றுள் ஒன்றிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதனைச் சூழ்ந்த கிருமிகள் கரைந்து ஒழிந்திருந்தன. அசுத்தமான தட்டு என்று அதனை எறிந்துவிடாது அவர் போற்றி வைத்தார். அப்பூஞ்சணத்தை வளர்த்து, அது ஊறிய சாற்றுக்கு 1929-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெனிஸிலின் என்று பெயர் சூட்டினார். அச்சாற்றைத் தம் பழைய கோலால் உடனே அளந்தார். அறுநூறு மடங்கு நீர்த்த நிலையிலும் அது சீழ்க்கிருமியின் வளர்ச்சியை முற்றும் தடுத்தது. அதே நிலையில் வெள்ளணுக்களுக்கு அது இழைத்த தீங்கு, கிருமி வளர்க்கும் வெறுஞ் சாறு இழைப்பதினும் மிகுதியாக இல்லை. கார்பாலிக் அமிலம் எந்தச் சோதனையில் தோற்றதோ, அந்தச் சோதனையிலேயே பெனிஸிலின் வென்றது. பூஞ்சணம் வீழ்ந்தது தற்செயல். இக்கேள்வி கேட்கப்பட்டது தற்செயலன்று.

ஆயின் இவ்விடத்தில் அவருடைய குறையையும் மறையாது கூறுதல் வேண்டும். அச்சாற்றைத் தூய்மைப்படுத்திப் பிரித்தெடுக்க அவருடைய உதவியாளர் இருவர் முயன்றும் முற்றுப்பெறவில்லை. அது எளிதிற் சிதைந்தது. வேலை செய்ய நெடுநேரம் ஆயிற்று. இரத்தத்தில் நில்லாது விரைவில் மறைந்தது. சீழ்நோயுற்ற சுண்டெலிக்கு அதனைச் செலுத்திப் பார்க்கும் சோதனையை அவர் செய்திலர். அச்சோதனை ஒன்று செய்திருப்பாராயின் உலகம் பத்தாண்டுகள் முந்திப் பயன் பெற்றிருத்தல் கூடும். 1935-ஆம் ஆண்டில் டோமாக் என்பவர் ஸல்ஃபா மருந்தின் பயனை வெளியிட்டபோது, பிளெமிங் அவ்வினத்து மருந்துகளையும் ஆராய்ந்தார். அவை கிருமியின் பெருக்கத்தை நிறுத்துகின்றன. எஞ்சிய கொலைத்தொழிலை முடிப்பது உடலின் காவலே என்று கண்டார்.

பெனிஸிலினை மருந்தாக்கிய புகழ் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபிளோரி, செயின், ஹீட்லி முதலியோரைச் சார்ந்தது. 1940-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆந் தேதி, அவர்கள் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொல்லும் அளவு கிருமியைச் செலுத்தி, நான்கிற்கு மட்டும் பெனிஸிலின் கொடுத்தனர். மறுநாட் காலையில் அந்நான்கும் உயிரோடிருந்தன. மற்ற நான்கும் மாண்டு கிடந்தன. 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆந் தேதி, முகத்திலும் கண்ணிலும் சீழ்பிடித்து இரத்தமெங்கும் கிருமி பரவிய போலீஸ்காரர் ஒருவருக்கு அம்மருந்தை ஊசியால் ஏற்றினர். சுரம் தணிந்தது, அவர் உணவு உண்ணலானார். ஆனால் மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரில் வெளிப்பட்ட பெனிஸிலினையும் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். ஐந்து நாள்களில் அதுவும் தீர்ந்தது. நோய் மீண்டு வந்து, மார்ச்சு மாதம் 15-ஆந் தேதி அவர் உயிர் நீத்தார். மருந்து உண்மை என்பதும், அது போதிய அளவு வேண்டும் என்பதும் அவர் மரணத்தால் ஒருங்கே விளங்கின.

1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மூளையுறையிற் கிருமி பரவி மரணத் தறுவாயில் இருந்த நண்பர் ஒருவருக்குப் பிளெமிங், ஃபிளோரியிடம் மருந்து பெற்று, முதுகுத்தண்டின் நீரிலும் அதனைச் செலுத்தி, அவரைப் பிழைக்கச் செய்தார். அதன்பின் பத்திரிகைகள் பிளெமிங்கையே வானளாவப் புகழ்ந்தன; ஆக்ஸ்போர்டு அறிஞரின் உழைப்பு பொதுமக்கள் கண்ணிற் படாது ஒருபுறம் ஒதுங்கி நின்றது. ஆயினும் 1945-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பிளெமிங், ஃபிளோரி, செயின் ஆகிய மூவர்க்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. பிளெமிங் 1944-ஆம் ஆண்டில் ஸர் பட்டம் பெற்றிருந்தார். நோபெல் பரிசுச் சொற்பொழிவில், பெனிஸிலினைக் குறைந்த அளவில் உட்கொள்வோர் கிருமிக்கு அதனை எதிர்க்கும் திறனைக் கற்பிப்பவராவர் என்னும் கருத்துப்பட அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை எத்துணை உண்மை என்பதை இன்று ஆஸ்பத்திரிகள்தோறும் காண்கின்றோம். 1955-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆந் தேதி லண்டனில் மாரடைப்பால் அவர் காலமானார். அவருடைய அஸ்தி செயின்ட் பால் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அவர் மறைந்தார், அவர் எழுப்பிய கேள்வி மறைந்திலது. கிருமியால் உடல் முழுதும் நிலைகுலைந்து உறுப்புகள் செயலறும் நோயை இக்காலத்தார் செப்ஸிஸ் என்பர். 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேரை அது பற்றியது என்றும், அதனோடு தொடர்புடைய மரணங்கள் 1 கோடியே 10 லட்சம் என்றும் கணக்கிட்டுள்ளனர். கிருமியைக் கொல்லும் மருந்துகள் பல இருந்தும் இவ்வளவு பேர் மாள்வானேன்? 1999-ஆம் ஆண்டில் ஹாட்ச்கிஸ் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர்தம் குழுவினரும், செப்ஸிஸால் இறந்தோரின் மண்ணீரல் முதலிய உறுப்புகளைச் சோதித்தனர். லிம்ஃபோஸைட் என்னும் வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாகத் தம்மைத் தாமே மாய்த்துக் கொண்டிருத்தலை அவர்கள் கண்டனர். அணுக்களின் இத்தகைய மரணத்தை அபாப்டோஸிஸ் என்பர். இதற்கு மாறாக, கிருமியை விழுங்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களோ, உரிய காலத்தில் மாளாது நெடிது வாழ்ந்து, தம் உடலின் உறுப்புகளையே புண்படுத்துகின்றன. வாழவேண்டியவை மாள்கின்றன, மாளவேண்டியவை வாழ்கின்றன. இதுவே அந்நோயின் கொடுமை.

ஆதலால் மருந்துகளை மீண்டும் பிளெமிங்கின் கோலால் அளக்கவேண்டி வருகின்றது. ஸ்டீராய்டு மருந்துகள் அழற்சியைத் தணித்து, இரத்த அழுத்தம் வீழ்ந்தோர்க்கு உதவுகின்றன. ஆனால் அவையே லிம்ஃபோஸைட்டுகளின் மரணத்தை விரைவுபடுத்தவும் வல்லவை. ஆகவே அவற்றின் அளவையும் காலத்தையும் வைத்தியர் எச்சரிக்கையோடு வரையறுக்கின்றனர். இன்டர்லூகின்-7 என்பது லிம்ஃபோஸைட்டுகளை வாழவைக்கும் பொருள். அதனைச் செப்ஸிஸ் நோயாளிகள் சிலர்க்குக் கொடுத்துச் செய்த சோதனை 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் இரத்தத்தில் அவ்வணுக்கள் மூன்று நான்கு மடங்கு பெருகின. ஆயினும் அச்சோதனை சிறியது. அதனால் உயிர்கள் காக்கப்படும் என்று துணிந்து கூற அதுமட்டும் போதாது. கண்ணாடிக் குழாயில் முட்களை இழுத்த கையின் பொறுமை, இன்றைய ஆராய்ச்சியாளர்க்கும் வேண்டுவதாகவே உள்ளது.

நம் கலாசாலையில் விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இச்சரித்திரத்தால் விளங்குவன இரண்டு. நன்மை கருதிச் செய்யும் செயலும் எதனைக் கொல்கின்றது, எதனை வாழவிடுகின்றது என்று ஆராயாது செய்யின் தீமையாய் முடியும் என்பது ஒன்று. அரிய உண்மையைக் கண்டவரும் அதனை இறுதிவரை தொடராது விடின், முடிக்கும் புகழ் பிறரைச் சேரும்; இடையில் மாண்டவர் மீளார் என்பது மற்றொன்று. பிளெமிங் முன்னதை உலகிற்குக் கற்பித்தார். பின்னதைத் தம் வாழ்க்கையாற் காட்டினார். இரண்டையும் மறவாது, நம் ஆராய்ச்சிக் கூடத்தில் அழுக்கடைந்த தட்டொன்றைக் கழுவப் புகுமுன் ஒரு கணம் நின்று நோக்குவோமாக.